டாமை நாம் ‘மாமா’ ஆக்கியது சரிதானா?

கிறிஸ்தவ வரலாற்று நாவல்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறவர்களுக்கும், எழுதுகிறவர்களுக்கும், அச்சிட்டுக் கொண்டுவருகிற பதிப்பகத்தாருக்கும்,

அன்பின் தோத்திரங்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நூலகம் என்றால் இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, மூன்று பெஞ்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பதினைந்து இருபது பேர் வருவார்கள். ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கண் மங்கியவர்களும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களும் இருப்பதால் இந்த ஏற்பாடு. நீங்கள் கொண்டுவந்த நாவல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வாசித்து முடித்திருக்கிறோம். அதனால் யாரோ தூரத்திலிருந்து குறை சொல்வதாக நினைக்காமல், உங்கள் புத்தகங்களோடு வாழ்கிற ஒருத்தி எழுதுவதாக இதை வாசியுங்கள். அந்தப் புத்தகங்களில் இனம் கடந்த நட்பு எப்படி வருகிறது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாவலை எடுத்தோம். அமெரிக்காவின் தென்பகுதி, உள்நாட்டுப் போருக்கு முந்தைய வருடங்கள், பருத்திப் பண்ணை. பண்ணைக்காரரின் பத்து வயது மகளுக்கும் சமையற்கட்டில் வேலை செய்யும் கறுப்பின மூதாட்டிக்கும் நட்பு உண்டாகிறது. இருவரும் வேதம் வாசிக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள். கடைசியில் மூதாட்டி அந்தக் குடும்பத்தை மன்னிக்கிறார். மொழிபெயர்ப்பு தங்குதடையில்லாமல் ஓடியது. மூன்றாவது வாரம் எங்கள் குழுவிலேயே வயதான பாட்டி ஒருவர் வாசிப்பை நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா, அந்தச் சின்னப்பிள்ள கிழவிய நீங்கங்குது, அத்தைங்குது. பெறகு அவ எப்படி அடிமையா இருப்பா?”

அந்தப் பாட்டி சிறுவயதிலிருந்து வயல்வேலைக்குப் போனவர். பண்ணையார் வீட்டுப் பிள்ளை வேலைக்காரக் கிழவனை எப்படிக் கூப்பிடும், கிழவன் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவான் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் ஆங்கில மூலத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் அந்தச் சிறுமி மூதாட்டியை ‘ஆன்ட்’ என்று சொல்லிப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறாள். மூதாட்டி அவளை ‘மிஸ்’ சேர்த்துக் கூப்பிடுகிறார். மற்றபடி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ‘யூ’ தான். தமிழில் ‘ஆன்ட்’ அத்தையாகிவிட்டது, ‘யூ’ இரண்டு பக்கமும் ‘நீங்கள்’ ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். பெரியவரை மரியாதையில்லாமல் எழுதக் கை வந்திருக்காது. ஆனால் அந்த மரியாதையில் அடிமைத்தனமே காணாமல் போய்விட்டது.

அந்தக் காலத்துத் தென்பகுதியில் ‘அங்கிள்’, ‘ஆன்ட்’ என்று வெள்ளையர்கள் கறுப்பின முதியவர்களைக் கூப்பிட்டது உறவு கொண்டாடி அல்ல. ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’ என்ற மரியாதைச் சொல்லை ஒரு கறுப்பினத்தவருக்குக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. வயதானவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஒரு மாதிரி இருந்தது. அதற்கு ஒரு நடுவழியாக வந்தவைதான் இந்த இரண்டு சொற்களும். இளைஞனாக இருந்தால் ‘பாய்’. நாற்பது வயதுக் குடும்பஸ்தனும் ‘பாய்’ தான். இதையே நம் புத்தகங்களில் ‘தம்பி’ என்று பார்க்கிறேன். எரிச்சலோடு விரட்டுகிற ஒரு சொல் தமிழில் தோளில் கை போட்டுப் பேசுகிற சொல்லாக மாறி நிற்கிறது.

1852-இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் வருகிற டாம் என்ற கறுப்பின அடிமையும் நமக்கு மாமாவாகத்தான் அறிமுகமானார். நம் ஊரில் மாமா என்றால் யார்? கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் உட்காருகிறவர். சீர் கொண்டுவருகிறவர். அவரைக் கேட்காமல் காது குத்துகூட நடக்காது. டாம் விற்கப்பட்டவர். கடனை அடைப்பதற்காக ஒரு எஜமான் அவரை வியாபாரியிடம் விற்றுவிடுகிறார், மனைவி பிள்ளைகளை விட்டுப் போகிறார். அந்த மனிதரை ‘மாமா’ என்று வாசிக்கும்போது நமக்கு உண்டாகிற நெருக்கம், அவரைப் பெயருக்கு அங்கிள் என்று கூப்பிட்டவர்களிடம் இருந்ததே கிடையாது.

இது வெறும் சொல் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 1963-இல் அலபாமா மாநிலத்தின் கேட்ஸ்டன் நகரத்தில் ஒரு நீதிமன்றம். மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். வெள்ளையரான சாட்சிகளுக்கு மிஸ், மிஸ்டர் எல்லாம் உண்டு. என்னை முறையாகக் கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்று அவர் நின்றுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம். வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1964-இல்தான் அந்தத் தண்டனை ரத்தானது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, ஒரு பெண் தன்னை ‘மிஸ் ஹாமில்டன்’ என்று கூப்பிட வைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சரித்திரத்தை நாம் எல்லாருக்கும் ஒரே ‘நீங்கள்’ போட்டு எழுதிவிடலாமா?

உண்மையில் இந்த விஷயத்தில் நம் மொழிக்கு இருக்கிற வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. நம்மிடம் நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது, வேதாகமத் தமிழில் நீர் இருக்கிறது. வாடா, வா, வாங்க என்று ஒரு வார்த்தையிலேயே யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவோம். ஆங்கில நாவலாசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் காட்ட வேண்டியதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு விகுதியில் காட்டலாம். பத்து வயதுச் சிறுமி அறுபது வயதுப் பெண்ணை ‘நீ’ என்று கூப்பிடட்டும். அந்த அம்மா சிறுமியைச் ‘சின்னம்மா’ என்று கூப்பிடட்டும். வாசிக்கிற எங்களுக்குச் சுருக்கென்று தைக்கும். தைக்கட்டும். பிறகு கதையில் எங்கேயாவது ஓரிடத்தில் அந்தச் சிறுமி வளர்ந்து, வாய் குழறி, முதல்முறையாக ‘நீங்க’ என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்காகவே நாங்கள் இருபது பேரும் அழுவோம். அப்படி ஒரு மாற்றம் புத்தகம் முழுக்க எங்கேயும் வரவில்லை என்றால், அது நட்பே இல்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்துவிடும். மூலநூலின் பலவீனத்தை மொழிபெயர்ப்பாளர் ஏன் மூடி மறைக்க வேண்டும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூப்பிடுகிற சொல் மாறிவிட்டால் எல்லாம் மாறிவிட்டது என்றும் ஆகாது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தாரைப் பற்றி வாசித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. தேவனுக்கு முன் எல்லாரும் சமம் என்பதால் ஆளுக்கேற்ற மரியாதைச் சொல் கூடாது என்று கொள்கையாகவே வைத்திருந்தவர்கள் அவர்கள். ராஜாவுக்கும் ‘நீ’, வேலைக்காரனுக்கும் ‘நீ’. அதற்காக இங்கிலாந்தில் அடியும் வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அடிமைத்தனத்தை எதிர்ப்பதில் முன்னணியில் நின்றவர்களும் அவர்கள்தான். ஆனால் பிலடெல்பியாவில் அவர்களுடைய ஆர்ச் தெருக் கூடுகையில் கறுப்பினத்தவருக்கென்று தனி பெஞ்சு இருந்தது.

அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர் சாரா மாப்ஸ் டக்ளஸ். பள்ளி நடத்திய ஆசிரியை, நன்றாகப் படித்தவர். சிறுமியாக அம்மா கிரேஸ் டக்ளஸோடு அங்கே போன நாட்களைப் பற்றி 1837-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். யாராவது வெள்ளையர் அவர்கள் பக்கத்தில் உட்கார வந்தால், இது கறுப்பர்களுக்கான பெஞ்சு என்று ஒருவர் வந்து சொல்வாராம். ஒரே ஆராதனையில் ஐந்தாறு முறை அது காதில் விழுமாம். எல்லாரையும் ‘நீ’ என்று சமமாக அழைக்கிற வாயிலிருந்து வந்த சொல் அது.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். சாரா கிரிம்கே, ஆஞ்சலினா கிரிம்கே. அப்பா நீதிபதி, வீடு நிறைய அடிமைகள். மூப்பர்கள் கண்டித்தார்கள், இவர்கள் எழுந்திருக்கவில்லை. சாரா டக்ளஸுக்கும் சாரா கிரிம்கேக்கும் அப்படி உண்டான சிநேகம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. நாவல் எழுதுகிறவர்களே, இந்த பெஞ்சை விட வேறென்ன காட்சி உங்களுக்கு வேண்டும்?

ஆனால் நம் கைக்கு வருகிற நாவல்களில் பெஞ்சு வருவதில்லை. மெழுகுவர்த்தி வருகிறது. வெள்ளைக்காரச் சிறுமி இரவில் கதவைச் சாத்திக்கொண்டு அடிமைச் சிறுமிக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற காட்சி. எத்தனை புத்தகங்களில் வாசித்துவிட்டோம்! அது பொய்யல்ல. சாரா கிரிம்கே தன் சிறுவயதில் அப்படியே செய்தார். அவருக்குப் பணிவிடை செய்ய விடப்பட்டிருந்த சிறுமிக்கு, விளக்கை அணைத்து, சாவித்துவாரத்தை மறைத்து, கணப்பு வெளிச்சத்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்து எழுத்துக் கூட்டியதைப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது 1740-இலிருந்தே சட்டவிரோதம். வாசிக்கக் கற்றுக்கொடுப்பதையும் எஜமான்மார் பொறுக்கவில்லை. விஷயம் வெளியே வந்தபோது சாராவுக்கு அப்பாவிடமிருந்து கடும் திட்டு. அந்தச் சிறுமியோ கசையடியிலிருந்து மயிரிழையில் தப்பினாள்.

ஒருத்திக்குத் திட்டு, ஒருத்திக்குக் கசை. அந்த அறையில் படுத்திருந்த இருவரில் யார் தைரியசாலி? நம் நாவல்கள் எப்போதும் முதலாமவளைத்தான் சொல்கின்றன. இரண்டாமவள் நன்றியோடு சிரிக்கிறாள், அவ்வளவுதான். அவள் அன்றைக்கு என்ன நினைத்தாள் என்பதற்கு அவள் வாயிலிருந்து ஒரு வரிகூட நமக்கு மிஞ்சவில்லை. வரலாறு விட்டுப்போன அந்த இடத்தை நிரப்பத்தானே நாவல் இருக்கிறது?

தனியறையில் நடந்தது தெருவுக்கு வந்தபோது என்ன ஆனது என்பதையும் கிரிம்கே சகோதரிகளின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1838 மே 14-ஆம் தேதி பிலடெல்பியாவில் ஆஞ்சலினாவுக்குத் திருமணம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் விருந்தினர்களாக வந்திருந்தார்கள். கறுப்பினப் போதகர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் ஜெபித்தார்கள். முன்பு கிரிம்கே குடும்பத்தில் அடிமைகளாயிருந்து விடுதலையானவர்களும் விருந்தில் இருந்தார்கள். அதே நாளில்தான் அடிமைத்தன எதிர்ப்பாளர்கள் காசு சேர்த்துக் கட்டிய பென்சில்வேனியா மண்டபம் திறக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ஆஞ்சலினா அங்கே பேசும்போது வெளியே கும்பல் ஜன்னலுக்குக் கல் எறிந்தது, அவர் நிறுத்தாமல் பேசினார். கறுப்பினப் பெண்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவர, பெண்கள் கறுப்பும் வெள்ளையுமாகக் கை கோர்த்துக்கொண்டு அந்தக் கும்பலுக்கு நடுவே நடந்து வந்தார்கள். 17-ஆம் தேதி இரவு மண்டபத்தைக் கொளுத்திவிட்டார்கள். தீயணைக்க வந்தவர்கள் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்கள். திறந்து நான்கே நாள்.

மறுநாள் அந்தப் பெண்கள் ஒரு பள்ளிக்கூட அறையில் மறுபடி கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். கறுப்பினத்தவரோடு ஆராதனையில் சேர்ந்து உட்கார வேண்டும், தெருவில் சேர்ந்து நடக்க வேண்டும், அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்களை வீட்டுக்கு அழைக்க வேண்டும். கூட்டத்திலேயே சிலர் இதற்குச் சம்மதிக்கவில்லை. அடிமைத்தனம் ஒழிய வேண்டும், ஆனால் தெருவில் சேர்ந்து நடப்பது வேண்டாத வம்பு என்று நினைத்தவர்கள் அவர்கள். எனக்கு அந்தச் சிலரைப் பற்றியும் ஒரு நாவலில் வாசிக்க ஆசை. ஏனென்றால் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வடக்கன்குளம் கோயிலில் சாதியைப் பிரித்து உட்காரவைத்த தடுப்பை 1910-இல் எடுத்தபோது, அது எங்களுக்கு வேண்டும் என்று நீதிமன்றம் போனவர்களும் கிறிஸ்தவர்கள்தான். நம் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம்.

நம் நாவல்களில் வராத இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். சாம்சன் ஆக்கம். மோஹிகன் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர், 1723-இல் கனெக்டிகட் பகுதியில் பிறந்தவர். எழுப்புதல் காலத்தில் மனந்திரும்பி, வேதம் வாசிக்கக் கற்றுக்கொள்ள 1743-இல் எலியாசர் வீலாக் என்ற வெள்ளைக்காரப் போதகரிடம் போனார். நான்கு வருடம் அவர் வீட்டில் தங்கிப் படித்தார். குருவும் சீஷனும் என்பதைவிட அதிகமான உறவு. 1759-இல் ஆக்கம் பிரஸ்பிட்டேரியன் போதகராக அபிஷேகம் பெற்றார். பிறகு அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். சம்பளம் போதாமல் மீன் பிடித்தார், மரக்கரண்டி செதுக்கினார், வாளி செய்தார், புத்தகத்துக்கு அட்டை கட்டினார். 12 வருட ஊழியத்துக்கு அவருக்குக் கிடைத்தது மொத்தம் 180 பவுண்டு. வேறொரு ஊழியத்தில் அதே தொகையை ஒரே வருடத்துக்குக் கொடுத்தார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். தான் ஏழை இந்தியன் என்பதுதான் காரணம் என்று முடிக்கிறார்.

1765-இன் கடைசியில் வீலாக் அவரைப் பூர்வகுடிப் பிள்ளைகளின் பள்ளிக்காகப் பணம் சேகரிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார். இரண்டு வருடத்துக்கும் மேல் ஊர் ஊராகப் போய் முந்நூறுக்கும் மேற்பட்ட பிரசங்கங்கள். சுமார் 12,000 பவுண்டு சேர்ந்தது. அவர் திரும்பி வந்து பார்த்தால், பார்த்துக்கொள்வதாக வீலாக் வாக்குக் கொடுத்திருந்த மனைவி பிள்ளைகள் வறுமையில் கிடந்தார்கள். பணம் நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மத் கல்லூரிக்குப் போனது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார மாணவர்கள். 1771-இல் ஆக்கம் வீலாக்குக்கு எழுதினார். கல்லூரியைப் போஷிக்கிற தாய் என்று சொல்கிற லத்தீன் சொற்றொடரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, இது வெள்ளைத்தாய் ஆகிவிட்டது, எங்கள் நிறத்துப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மாட்டாள் என்றார். வீலாக்கிடம் கற்ற லத்தீனை வைத்தே அவர் கேட்ட கேள்வி அது. அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

“இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை, ஊழியக்காரன் தன் எஜமான் செய்கிறதை அறியமாட்டான், நான் உங்களைச் சிநேகிதர் என்றேன்.” யோவான் 15-இல் ஆண்டவர் சிநேகிதத்துக்குச் சொல்கிற அடையாளம் இதுதான்: ஒளிக்காமல் சொல்வது. ஆக்கமுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பாடுபட்டுச் சேர்த்தது எங்கே போகிறது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் முடிவானது. அவர் அதன் பிறகும் கர்த்தரை விடவில்லை, ஊழியத்தை விடவில்லை. வீலாக்கோடு இருந்த உறவு முறிந்தது, முறிந்ததாகவே கிடந்தது. 2022-இல்தான் அந்தக் கல்லூரி ஆக்கமின் கையெழுத்துப் பிரதிகளை மோஹிகன் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கதையில் சமரசக் காட்சி கிடையாது. கட்டிப்பிடித்து அழுகிற கடைசி அத்தியாயம் கிடையாது. அதனால்தான் நாவலாசிரியர்கள் இந்தப் பக்கம் வருவதில்லையோ என்று தோன்றுகிறது. ஆனால் ஆக்கமுக்கு வேறு சிநேகிதம் இருந்தது. பாஸ்டனில் அடிமையாக இருந்து கவிதை எழுதிய பிலிஸ் வீட்லி 1774-இல் அவருக்கு எழுதிய கடிதம் அந்தக் காலத்துச் செய்தித்தாளில் அச்சானது. விடுதலையை நேசிக்கிற ஒன்றை ஒவ்வொரு மனித இருதயத்திலும் தேவன் வைத்திருக்கிறார் என்று அதில் சொல்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட பெண்ணும், தன் மண்ணிலேயே அந்நியமாக்கப்பட்ட பூர்வகுடிப் போதகரும். நடுவில் வெள்ளைக்காரர் யாருமே இல்லாமல் இனம் கடந்த கிறிஸ்தவச் சிநேகிதம். இனம் கடந்த நட்பு என்றால் ஒரு பக்கம் வெள்ளையர் இருந்தே ஆக வேண்டும் என்று நாம் ஏன் நினைத்துக்கொண்டோம்? பிலிஸுக்கு நியூபோர்ட்டில் ஓபர் டானர் என்ற கறுப்பினத் தோழியும் இருந்தார், அவருக்கு எழுதிய கடிதங்களும் கிடைக்கின்றன. நாவலில் வருகிற கறுப்பினப் பெண்ணுக்கு எஜமானியை விட்டால் பேச ஆளே இல்லாததுபோல் எழுதுகிறார்களே, அவளுக்கும் மனம்விட்டுப் பேச ஒரு தோழி இருந்திருப்பாள் என்று ஏன் தோன்றவில்லை?

அசூசா தெருவையும் விட மனமில்லை. நம் பெந்தெகொஸ்தே சபையாருக்கு அது தெரிந்த பெயர். 1906-இல் லாஸ் ஏஞ்சலஸில் அந்தத் தெருவில் எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சில மாதம் முன்பு ஹூஸ்டனில் சார்ல்ஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்காரப் போதகரின் வேதபாட வகுப்புக்குப் போனபோது, வெள்ளையர்களோடு உட்கார அவருக்கு இடமில்லை. கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டார். பிறகு அசூசா தெருவில் கறுப்பர், வெள்ளையர், மெக்சிகர் எல்லாரும் ஒரே இடத்தில் முழங்காலில் நின்றார்கள். அக்டோபரில் வந்து பார்த்த பார்ஹாம் இப்படி எல்லாரும் கலந்து நின்றதையே கண்டித்தார். நம் பிரசங்கங்களில் முழங்கால் வருகிறது. அந்தக் கதவு வருவதில்லை.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

மொழிபெயர்ப்பாளர்களே, ‘அங்கிள்’, ‘ஆன்ட்’, ‘பாய்’ வருகிற இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார், எதை மறைக்க அந்தச் சொல் என்று பாருங்கள். ஒன்றும் பொருந்தவில்லை என்றால் ‘அங்கிள் டாம்’ என்றே விட்டுவிட்டு, முன்னுரையில் நான்கு வரி எழுதினால் போதும். நீ, நீங்கள் இரண்டையும் முதல் அத்தியாயத்திலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கத்தில் மாறுகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பகத்தாரே, பிள்ளைகள் வாசிக்கிற புத்தகம், மரியாதைக் குறைவான பேச்சு வேண்டாம் என்று நீங்கள் வெட்டச் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் பிள்ளைகள் அந்தப் பேச்சைத் தெருவில் கேட்கிறார்கள். அது தவறு என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல கதை உதவும். இளகிய கதைதான் விற்கிறது என்பதும் முழு உண்மையல்ல. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை எங்கள் குழு எத்தனை முறை வாசித்தாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒநேசிமுவை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொன்ன பவுல், அவன் பட்ட கடன் ஏதாவது இருந்தால் “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்கிறார். அன்புக்குக் கணக்குப் பார்க்கிற அந்த வரியைத்தான் எங்கள் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். உங்கள் நாவலில் வருகிற வெள்ளைக்கார நண்பர் தன் கணக்கில் எதை ஏற்றுக்கொண்டார்? வீட்டையா, சபையையா, பெயரையா? கிரிம்கே சகோதரிகளைக் குவேக்கர்கள் சபைநீக்கம் செய்தார்கள். ஆஞ்சலினா வெளியாளை மணந்ததற்காக, சாரா அந்தக் கல்யாணத்துக்குப் போனதற்காக. அது ஒரு கணக்கு.

இன்னொரு கதையோடு முடிக்கிறேன். 1868-இல், உள்நாட்டுப் போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, ஆஞ்சலினா ஒரு பத்திரிகையில் கிரிம்கே என்ற பெயரைப் பார்த்தார். பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு கறுப்பின மாணவனின் பெயர். அது தன் குடும்பப் பெயராயிற்றே என்று அவனுக்கு எழுதினார். பதில் வந்தது. ஆஞ்சலினாவின் அண்ணன் ஹென்றிக்கும், அவர் அடிமையாக வைத்திருந்த நான்சி வெஸ்டனுக்கும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். ஆர்ச்சிபால்ட், பிரான்சிஸ், கூட ஒரு தம்பி. சகோதரிகள் அதை மூடி மறைக்கவில்லை. பிள்ளைகளைப் போய்ப் பார்த்தார்கள், ஊரறியக் குடும்பமாக ஏற்றுக்கொண்டார்கள், படிப்புக்கு உதவினார்கள். ஆர்ச்சிபால்ட் ஹார்வர்டில் சட்டம் படித்தார். பிரான்சிஸ் வாஷிங்டனில் பிரஸ்பிட்டேரியன் போதகரானார். ஆஞ்சலினா 1879-இல் இறந்தார். மறுவருடம் ஆர்ச்சிபால்டுக்குப் பிறந்த மகளுக்கு ஆஞ்சலினா வெல்ட் கிரிம்கே என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து கவிஞரானது.

இதை ஒரு வெள்ளிக்கிழமை நானே தமிழில் சொன்னேன். அன்றைக்கு வாசிப்பை நிறுத்தின அதே பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார். “அப்பாவோட தங்கச்சி. அப்போ இது நெசமான அத்தைதான்” என்றார். இந்தக் கதையை யாராவது எழுதினால் அந்த ஒரு இடத்தில் மட்டும் யோசிக்காமல் ‘அத்தை’ என்று போடுங்கள்.

எங்களுக்கு ஆக்கமின் வாழ்க்கைக் குறிப்பு தமிழில் வேண்டும். சாரா டக்ளஸின் பெஞ்சைப் பற்றி ஒரு நாவல் வேண்டும். அச்சாகிற நாளில் இந்த நூலகத்துக்கு ஐந்து பிரதியும், குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒன்றும் வாங்குவதாகப் பேசி முடிவு செய்திருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன்பு யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஆரம்பிப்போம்.

கிறிஸ்துவுக்குள்,
சபை நூலகப் பொறுப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.